சேனை வச்ச வெரலு

எங்க வீட்டுக்குப் பேத்தி வந்து இன்னியோட எம்பத்தேழு நாளாவுது. தலை நிக்க ஆரம்பிச்சிருச்சு. குப்புறப் போட்டா ஆமை மாதிரி கழுத்த நீட்டிப் பாக்குறா. நான் வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தத்துக்கே திரும்புறா. இத ஊருல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லியாச்சு. டீக்கடைப் பக்கம் போனாலே, "என்னா முருகையா, பேத்தி இன்னிக்கி என்ன பட்டம் வாங்குச்சு?"ன்னு கேக்குறானுவ. கேக்கட்டும். எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல.

நான் வெக்கப்படுறது வேற ஒண்ணுக்கு. அது அவ அப்பன் வளவன் சம்பந்தப்பட்டது. எம் மருமவன். ஆம்புலன்சுல வேல பாக்குறாரு. அந்த மனுசனுக்கு நான் ஒரு கெடுதல் செஞ்சேன். தெரிஞ்சு செஞ்சியா தெரியாம செஞ்சியான்னு கேட்டா, மொதப் பாதி தெரியாம, மறு பாதி நல்லாத் தெரிஞ்சே.

வளவனுக்கு நன்னிலத்துக்குத் தெக்கால ஊரு. அவுங்க அம்மாவும் எம் பொஞ்சாதி கண்ணாத்தாளும் ஒரே செட்டுல நாத்து நட்டவங்க. அவருக்கு ஏழு வயசா இருக்கயில அப்பா போயிட்டாரு. களத்துல வைக்கோல அள்ளயில பாம்பு கடிச்சிருச்சு. டிராக்டருல போட்டு எடுத்துட்டுப் போனாங்க. ஆசுபத்திரி கேட்டு வரைக்கும் உசுரு இருந்துச்சாம்.

சம்பந்தம் பேசுறப்ப நான் பெரிய மனுசனாட்டம் கேட்டேன். "அப்பாவ நெனச்சுத்தான் இந்த வேலக்கி வந்தீங்களா மாப்ள?"

"இல்லிங்க மாமா. காலேசு முடிச்சிட்டு ரெண்டு வருசம் சும்மா கெடந்தேன். ஆளு எடுத்தாங்க, போனேன்."

அந்தப் பதிலுக்கே எம் பொண்ணு செம்மொழியக் குடுத்துட்டேன். பொய் பேசத் தெரியாத ஆளு.

ஆம்புலன்சுல ரெண்டு பேரு. ஓட்டுறவர பைலட்டும்பாங்க. பின்னால நோயாளி பக்கத்துல உக்காந்து வைத்தியம் பாத்துகிட்டே வர்றது நம்ம மாப்ள. பைலட்டு பேரு முபாரக். கொவைத்துல ஒம்பது வருசம் லாரி ஓட்டிட்டு வந்தவரு. வாயி ஓயாது. கல்யாணத்துக்கு வந்து, "வளவனுக்கு மாமான்னா எனக்கும் மாமாதான்"னு சொல்லிட்டு எங்கிட்டயே ரெண்டாவது எலை கேட்டு வாங்குனவரு.

எல்லாத் தெருவுக்கும் வண்டி போவாது. வரப்புல ஸ்ட்ரெச்சரத் தூக்கிட்டு நடக்கணும். முப்பது வயசு ஆவல, கட்டில்லேருந்து எழுந்திரிக்கயில மாப்ள எங்கப்பன் மாதிரி இடுப்பப் புடிச்சுகிட்டு எழுந்திரிப்பாரு. சோத்த மெல்ல மாட்டாரு, முழுங்குவாரு. செம்மொழி திட்டுவா, "யாரு புடுங்கிட்டுப் போறா?" "போனு வந்தா பாதியில எழுந்திரிக்கணும்ல, பழகிப்போச்சு"ம்பாரு.

வேலக் கதைய வீட்டுல சொல்ல மாட்டாரு. நல்லது நடந்தா மட்டும் சொல்லுவாரு. ஒரு தடவ பிரசவ வலிக்காரிய ஏத்திகிட்டு வர்றப்ப ரயில்வே கேட்டுல வண்டி மாட்டிக்கிச்சாம். ரயிலு வர்றதுக்கு முன்னால ஒரு புள்ள, போனதுக்குப் பின்னால ஒரு புள்ள, ரெட்டப் பொண்ணு. "முபாரக் அண்ணன் ரயிலுக்கு வழி வுட்டாரு, ரயிலு எனக்கு நேரம் வுட்டுச்சு"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மத்த நாளெல்லாம் என்னத்தப் பாத்துட்டு வர்றாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

கேக்கலயே தவிர நெனச்சுப் பாக்காம இல்ல. வேற மாதிரி நெனச்சேன். செம்மொழி முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கே நானும் கண்ணாத்தாளும் சட்டம் போட்டுட்டோம். மாப்ள எங்க வீட்டுக்கு வந்தா, கொல்லப்பக்கம் போயி அடிபைப்புல குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்.

"மாமா, நான் சோப்புப் போட்டு குளிச்சிட்டுத்தான வர்றேன்?"

"அழுக்குக்கு சோப்பு போதும் மாப்ள. சாவுத் தீட்டுக்கு எங்க தண்ணிதான்."

சிரிச்சிகிட்டே போயி குளிப்பாரு. மார்கழிலயும் குளிச்சாரு.

ஆவணி பொறந்து பாப்பா பொறந்தா. மூணே கால் கிலோ. ஆசுபத்திரியில நர்சம்மா எங்க எல்லாரையும் நிக்க வச்சு சொன்னுச்சு. "தாய்ப்பாலு மட்டுந்தான். தண்ணி கூட குடுக்கக் கூடாது. சக்கரத் தண்ணி, கழுதப்பாலுன்னு எவனாவது கிட்ட வந்தீங்க, தொலச்சிருவேன்." எல்லாரும் தலைய ஆட்டுனோம். நான்தான் பெருசா ஆட்டுனேன்.

பொறந்த புள்ள நாக்குல இனிப்பத் தொட்டு வைக்கிறதுக்கு எங்க பக்கம் சேனை வைக்கிறதுன்னு பேரு. வைக்கிற ஆளோட கொணம் புள்ளக்கி வரும்பாங்க. வீட்டுக்கு வந்ததும் கண்ணாத்தா கேட்டா, ஊருப் பள்ளிக்கூடத்துப் பரணிதரன் வாத்தியாரக் கூட்டியாந்து ஒரு சொட்டு வைக்கலாமான்னு. செம்மொழி ஒரே பேச்சா, "யாரும் வைக்கக் கூடாது, நர்சு சொன்னது காதுல வுழலியா?"ன்னுட்டா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. வேணாம்னு சொன்னதுக்கு இல்ல. கேக்குறப்ப வாத்தியாரு பேருதான வந்துச்சு? நான் பக்கத்துலதான நின்னேன்? மூணாப்பு படிச்சவன். என் கொணத்த எவ கேப்பா?

அந்த வீம்புல செஞ்சிட்டேன். சம்பாவுக்கு வெத வுட்டிருந்த நேரம். நாத்தங்காலுலேருந்து வந்தேன். செம்மொழி குளிக்கப் போயிருந்தா, கண்ணாத்தா அடுப்படியில. தம்ளர்ல ஒரு சிட்டிக சக்கர, மோட்டார் கொட்டாயில புடிச்சாந்த தண்ணி. வெரல வேட்டியில தொடச்சேன். தொட்டு வச்சேன். சப்புக் கொட்டுனா பாருங்க, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. எதுக்கும் பயப்படாத கொணம் வரட்டும் ஆத்தான்னு காதுல சொன்னேன்.

ஒரு தரம் வச்சா பத்துமா? கொணம் நல்லா ஒட்ட வேணாமா? தெனம் வச்சேன். எட்டு நாளு.

பதினோராம் நாளு சாயங்காலம் மாப்ள வந்தாரு. தலையெல்லாம் ஈரம். ஏற்கெனவே குளிச்சிருந்தாரு. அடிபைப்புலயும் குளிச்சாரு. ரொம்ப நேரம் குளிச்சாரு. உள்ள வந்து பாப்பாவத் தூக்குனாரு. தூக்குன கையி நடுங்குச்சு. மொகம் என்னவோ மாதிரி ஆயி, ஒடனே செம்மொழி மடியில வச்சிட்டாரு. காப்பி கூட குடிக்கல, கெளம்பிட்டாரு. "பொட்டப்புள்ளன்னு மனசுல கொற போல"ன்னு கண்ணாத்தா மொணங்குனா.

அதுக்கு மூணாம் நாளு காலையில பாப்பாவுக்கு வயித்தால போவ ஆரம்பிச்சுது. பச்சப் பச்சயா. பாலு குடிக்க மாட்டேங்குறா. கண்ணாத்தா பாத்துட்டு மார்ல அடிச்சுகிட்டா. "சீர் தட்டிருச்சுங்க, தீட்டு பட்டிருச்சு! எந்தச் சாவு வீட்டுலேருந்து யாரு வந்து தொட்டா?"

தொட்டது யாருன்னு கேட்டதும் எனக்கு அந்தத் தம்ளரு ஞாபகம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. வந்த வேகத்துல மனசு அதத் தள்ளிட்டு வேற ஆளத் தேடுச்சு. ஆளு கெடச்சிருச்சு.

போன எடுத்தேன். "மாப்ள, புள்ளக்கி சீர் தட்டிருச்சு. உங்க கை நல்ல கைதான், இல்லங்கல. ஆனா பொணத்தத் தொடுற கை. பச்ச மண்ணுல பட்டிருச்சு. இனிமே கொஞ்ச நாளைக்கி இந்தப் பக்கம் வராதீங்க."

  அவரு கேட்டாரு. "எத்தன தரம் போயிருக்கா மாமா? மூத்திரம் போனாளா? உச்சிக்குழி பள்ளமா இருக்கா?"

"வேப்பெல அடிச்சுப் பாத்துட்டு..."

"வேப்பெலய அப்பறம் அடிங்க. இப்ப கெளம்புங்க. வண்டி வருது."

வந்தது வேற வண்டி. அவரு வரல. நான் வராதன்னு சொன்னேன், வரல.

ஆசுபத்திரியில டாக்டரம்மா பாப்பாவுக்கு ஊசி ஏத்திகிட்டே கேட்டாங்க. "தாய்ப்பாலத் தவிர வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்"னா செம்மொழி. "சத்தியமா இல்லம்மா"ன்னா கண்ணாத்தா. டாக்டரம்மா என்னயப் பாத்தாங்க. நான் கைய முதுகுக்குப் பின்னால கட்டிகிட்டு நின்னேன். எதுக்கும் பயப்படாத கொணம்னு புள்ள காதுல ஓதுனவன். அங்கதான் தெரிஞ்சுது, அந்தக் கொணம் எங்கிட்டயே இல்ல.

ஆசுபத்திரியில சேத்த நாலாம் நாளு பாப்பா தெளிஞ்சிட்டா. வீட்டுக்கு வந்துட்டோம். தம்ளர நான் தொடல. வாயவும் தொறக்கல.

முப்பதாம் நாளு தொட்டில் போட்டோம். மாப்ள வந்தாரு. வாசல்லயே நின்னாரு. "வாங்க மாப்ள, உள்ள வாங்க"ன்னேன். "இருக்கட்டும் மாமா, கையில கிருமி இருக்கும்"னாரு. கைய நான் அப்பத்தான் பாத்தேன். மேல் தோலெல்லாம் வெடிச்சு, உரிஞ்சு, ரத்தம் கட்டியிருந்துச்சு. சுண்ணாம்புல வேல பாக்குறவன் கை மாதிரி. செம்மொழி பாப்பாவத் தூக்கிட்டு வாசலுக்கே வந்தா. அவரு ரெண்டடி பின்னால போனாரு. அவ்வளவு சனத்துக்கு முன்னால எம் பொண்ணு கண்ணத் தொடச்சிகிட்டு உள்ள போனா. "ஆம்பளப்புள்ளய எதிர்பாத்திருப்பாரு"ன்னு ஒருத்தி சொன்னா. "சம்பளக்காரன் திமிரு"ன்னான் ஒருத்தன். எனக்குக் காரணம் தெரியும். நான் பந்தியில தண்ணி ஊத்திகிட்டிருந்தேன்.

புரட்டாசி கடைசியில நடவு நடந்துகிட்டிருக்கு. முபாரக் பைக்க ரோட்டுல போட்டுட்டு வரப்புல வந்தாரு. கால்சட்டைய முட்டி வரைக்கும் சுருட்டியிருந்தாரு. எப்பவும் வர்றப்பவே வம்பிழுப்பாரு, அன்னிக்கி நேரா எங்கிட்ட வந்தாரு.

"மாமா, தனியாப் பேசணும்."

வாய்க்கா மதகு மேல உக்காந்தோம்.

"வளவன் வேலய வுடுறதுக்கு லெட்டரு எழுதி சட்டப் பையில வச்சிருக்கான். வெள்ளிக்கெழம குடுக்கப் போறானாம். வேல போனாப் போவட்டும், அது இல்ல நான் சொல்ல வந்தது. தூங்குறதே இல்ல மாமா. கைய கழுவிகிட்டே இருக்கான். டெட்டால் ஊத்தி ஊத்தி, வண்டியில வச்சிருக்க மருந்தையும் ஊத்தி கழுவுறான். போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனோம், ரெண்டு வயசுப் புள்ள, காய்ச்சல்ல வலிப்பு. இவன் வண்டிக் கதவப் புடிச்சுகிட்டு நின்னுட்டான். எறங்க மாட்டேங்குறான். நான் போயி தூக்கியாந்தேன். நல்லவேள, அது ஒண்ணும் ஆவாம பொழச்சிருச்சு. 'ஏண்டா?'ன்னா, 'என் கை பட்டா ஆவாதுண்ணே. எம் புள்ளக்கே ஆவல'ங்குறான். இவ்வளவு படிச்சவன். பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவன்கிட்ட சண்டை போட்டு ஆள வண்டியில ஏத்துறவன்."

நான் தண்ணியப் பாத்துகிட்டே கேட்டேன்.

"எப்பலேருந்து இப்படி?"

"ஆவணியில ஒரு நாளு. வாய்க்காலுல புள்ள வுழுந்துருச்சுன்னு போன். மூணு வயசுப் பொண்ணு. தண்ணியிலேருந்து எடுத்தே நேரமாச்சு, போயிருச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. இவன் வுடல. வரப்புலேருந்து ஆசுபத்திரி வரைக்கும் நெஞ்ச அமுக்கிகிட்டே வந்தான். ஒரு நிமிசம் நிறுத்தல. அங்க டாக்டரு இவன் கையப் புடிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. நான் சொன்னேன், வீட்டுக்குப் போயிப் படுடான்னு. 'இல்லண்ணே, எம் பாப்பாவப் பாத்தாத்தான் செரியாவும்'னு உங்க வீட்டுக்குக் கெளம்புனான்."

பதினோராம் நாளு. தல ஈரம். நடுங்குன கை. அந்த மனுசன் எங்க வீட்டுக்கு ஆறுதலுக்கு வந்திருக்காரு. அந்தக் கையத்தான் நான் பொணத்தத் தொடுற கைன்னேன்.

"தனியா வுடப் பயமா இருக்கு மாமா. நீங்க பெரியவங்க, ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னாரு முபாரக். என்னயப் போயி பெரியவங்கன்னாரு.

சேத்துக் காலோட பைக்குல ஏறிட்டேன். தாலுக்கா ஆசுபத்திரி ஓரமா வண்டிய நிறுத்தி வைக்கிற கொட்டகையில மாப்ள ஸ்ட்ரெச்சரத் தொடச்சிகிட்டிருந்தாரு. சுத்தமாத்தான் இருந்துச்சு, திரும்பவும் தொடச்சாரு. என்னயப் பாத்ததும் பதறிட்டாரு.

"பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பா நல்லா இருக்கா. மாப்ள, சக்கரத் தண்ணி வச்சது நான்."

வழியெல்லாம் வேற வேற மாதிரி சொல்லிப் பாத்துகிட்டு வந்தேன். கடைசில இப்படி மொட்டையா வந்து வுழுந்துச்சு.

"என்ன மாமா?"

"சேனை. பாப்பா நாக்குல. யாருக்கும் தெரியாம."

அவரு மொதல்ல ஆம்புலன்சுக்காரராத்தான் கேட்டாரு. "எத்தன நாளு?"

"எட்டு."

"தண்ணி காச்சுனதா?"

"இல்ல. மோட்டார் தண்ணி. வெரலு... நாத்தங்காலுலேருந்து வந்த வெரலு."

துணிய மடிச்சாரு. பிரிச்சாரு. திரும்ப மடிச்சாரு. "டாக்டரு கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான் நின்னேன்."

"நின்னீங்க."

"நின்னேன் மாப்ள."

அதுக்கப்பறந்தான் அவரு என் மொகத்தப் பாத்தாரு. அவரு கோவப்பட்டு நான் பாத்ததில்ல. சத்தம் போடுவாருன்னு எதிர்பாத்தேன், போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "நாப்பது நாளு மாமா. நாப்பது நாளா எம் புள்ளய நான் தொடல"ன்னாரு.

கால்ல வுழலாம்னு குனிஞ்சேன். அதுக்குள்ள போனு அடிச்சிருச்சு. பைபாசுல ரெண்டு வண்டி மோதல். முபாரக் ஓடியாந்து ஏறுனாரு. மாப்ள ஏறி கதவச் சாத்திகிட்டாரு. அம்பத்தெட்டு வயசுக்காரன் பாதி குனிஞ்சபடி கொட்டகையில நிக்கிறேன். மருந்து வாங்க வந்த சனம் பாத்துகிட்டுப் போவுது.

வீட்டுக்கு நடந்தே வந்து ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொன்னேன். கண்ணாத்தா, "பல்லு வுழுவுற வயசுல உங்களுக்கு ஏன்யா இந்தப் பொறாமை? வாத்தியாரு வந்து வச்சுட்டாப் போனாரு?"ன்னு ஆரம்பிச்சவ, வெத்தலப் பொட்டிய எடுத்து வீசுனா. செம்மொழி தொட்டில்லேருந்து பாப்பாவ எடுத்துகிட்டு உள்ளறைக்குப் போயி தாப்பாப் போட்டா. அன்னிலேருந்து ரொம்ப நாளைக்கி எங்கிட்ட புள்ளயக் குடுக்கல. நான் கேக்கவும் இல்ல.

உண்மையச் சொல்லிட்டா மாப்ளக்கி எல்லாம் செரியாயிரும்னு நெனச்சேன். ஆவல. லெட்டர வெள்ளிக்கெழம குடுக்கல, அவ்வளவுதான். தூக்கம் வரல, கை கழுவுறதும் நிக்கல. "என் தண்ணிதான் காரணம்னு சொல்லிட்டனே, இன்னும் என்ன?"ன்னு முபாரக்குகிட்ட கேட்டேன். "மாமா, உங்க பங்கு மேல ஏத்துன மூட்ட. அடியில ஒரு மூட்ட கெடக்குல்ல"ன்னாரு.

அவருதான் மேலதிகாரிகிட்ட பேசி லீவு வாங்குனாரு. திருவாரூரு பெரியாசுபத்திரியில மனசுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்ட சீட்டுக்கும் ஏற்பாடு பண்ணுனாரு. வீட்டாளு ஒருத்தர் கூட வரணும்னுட்டாங்க. செம்மொழிக்குக் கைப்புள்ள, முபாரக்குக்கு டூட்டி. மாப்ளயோட அம்மாவுக்குச் சொல்ல வேணாம்னுட்டாரு. பாக்கி நான்தான். "வேற ஆளே இல்லியா?"ன்னு மாப்ள கேட்டது எங் காதுலயே வுழுந்துச்சு.

பஸ்சுல ஒரே சீட்டு. நன்னிலத்துலேருந்து திருவாரூரு வரைக்கும் அவரு ஜன்னலுக்கு வெளியவே பாத்துகிட்டு வந்தாரு. ஆசுபத்திரியில பெஞ்சுல உக்காந்திருக்கோம். எதுத்தாப்புல போர்டு, 'மனநலப் பிரிவு'ன்னு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எனக்குக் கூசுச்சு. துண்டால மொகத்த மூடிக்கலாமான்னு பாத்தேன். இதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

பயந்த மாதிரியே எங்க தெரு ஆளு ஒருத்தன் வந்து நின்னான். சக்கர வியாதிக்கு மாத்திர வாங்க வந்தவன். போர்டப் பாத்தான், எங்க ரெண்டு பேரையும் பாத்தான். "என்னா முருகையா, இங்க? யாருக்கு?"

"எனக்குத்தான்டா"ன்னேன். "பேத்தி பொறந்ததுலேருந்து எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. ஊரே சொல்லுதுல்ல?"

அவன் சிரிச்சான். எனக்கும் மனசுக்குள்ள ஒரு பெரும. இந்தத் தடவ பழிய நான் வாங்கிகிட்டேன்னு. அதுக்குள்ள மாப்ள சொன்னாரு.

"இல்லண்ணே. எனக்குத்தான். வேலையில ஒரு கொழந்த எறந்துருச்சு. அதுலேருந்து தூக்கமில்ல."

அவன் சிரிப்ப நிறுத்திட்டான். மாப்ள தோளத் தொட்டு, "பாத்துக்கங்க தம்பி"ன்னுட்டுப் போனான். நான் வாங்கிகிட்ட பழிய என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிகிட்டு உக்காந்திருந்தேன்.

உள்ள டாக்டரு சின்ன வயசுப் பொண்ணு. குந்தவைன்னு பேரு போட்டிருந்துச்சு. மொதல்ல என்னயும் கூட உக்கார வச்சுகிட்டுதான் மாப்ளகிட்ட கேட்டுச்சு. மாப்ள சொன்னாரு. "அந்தப் பொண்ணு பதினோரு கிலோ இருக்கும் மேடம். எம் பொண்ணு மூணு கிலோ. அன்னிக்கி எம் பொண்ணத் தூக்குனேன், பதினோரு கிலோவா கனத்துச்சு. ஈரமா இருந்தா மாதிரியும் இருந்துச்சு. மறுநாளுலேருந்து எதுவும் தொடப் புடிக்கல. அப்பறம் இவரு போன் பண்ணுனாரு."

என்ன சொன்னேன்னு அவரு சொல்லல. டாக்டரு என் பக்கம் திரும்புனாங்க. நான்தான் சொன்னேன், ஒரு வார்த்த வுடாம. அந்தப் பொண்ணு எம் பொண்ண வுட சின்னது. எழுதுறத நிறுத்திட்டு என்னயப் பாத்துச்சு. திட்டல. "ஐயா, இது இந்த வேலைல வர்ற நோயி. பொணம் தொட்டதுனால இல்ல, பொழைக்க வைக்கப் பாத்ததுனால வந்தது. நீங்க கொஞ்சம் வெளியில இருங்க"ன்னுச்சு. மாத்திர குடுத்தாங்க. வாரா வாரம் வந்து பேசணும்னாங்க. நாலு வாரம் போனோம். ஒவ்வொரு தடவயும் நான்தான் போனேன். மூணாவது தடவ திரும்பி வர்றப்ப அவரு எனக்கும் சேத்து வேர்க்கடல வாங்குனாரு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது தடுப்பூசிக்கு நாள் வந்துச்சு. பொதங்கெழம, நல்ல மழ வுட்டு வெளிச்சம் அடிச்ச காலை. துணை சுகாதார நெலயத்துல தாய்மாருங்க கூட்டம். செம்மொழி பாப்பாவோட, நான் அட்டையும் பையுமா பின்னால. மாப்ளயும் வந்திருந்தாரு. வருவாருன்னு நெனக்கல. சொவரு ஓரமா கையக் கட்டிகிட்டு நின்னாரு. கையில தோலு பாதி ஆறியிருந்துச்சு.

நர்சு கமருன்னிஸா பாப்பா பேரப் பாத்துட்டு, "யாராச்சும் காலக் கெட்டியாப் புடிங்க, தொடையில போடணும்"னுச்சு. செம்மொழிக்கு ஊசின்னா ஆவாது, கண்ண மூடிக்குவா. நான் பைய கீழ வச்சிட்டு கைய நீட்டுனேன். செம்மொழி பாப்பாவ எங்கிட்டக் குடுக்கல. என் கையத் தாண்டி சொவரு பக்கம் நீட்டுனா. நீட்டுனபடியே நின்னா.

மாப்ள நவுரல.

"யோவ் ஆம்புலன்சு! வண்டியில எத்தன பேரப் புடிக்கிற, ஒன் புள்ளயப் புடிக்க மாட்டியா? பின்னால இருவது பேரு நிக்கிறாங்க"ன்னுச்சு நர்சம்மா. அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததும் நல்லதாப் போச்சு.

வந்தாரு. ரெண்டு கையையும் நீட்டி வாங்குனாரு. நடுங்குச்சுதான். ஆனா தலைக்கி ஒரு கை, இடுப்புக்கு ஒரு கைன்னு அவரு ஒடம்புக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நாங்க எல்லாம் புடிக்கிற புடி இல்ல அது. உக்காந்து மடியில சாச்சு ரெண்டு காலையும் ஒரே கையில புடிச்சாரு. ஊசி ஏறுச்சு. பாப்பா ஒரு நிமிசம் வாயத் தொறந்தபடி சத்தமில்லாம இருந்தா. மாப்ள மொகம் வெளுத்துப்போச்சு. அடுத்தாப்புல கத்துனா பாருங்க, கட்டடமே அதிர்ந்துச்சு. மத்த புள்ளங்களும் சேந்து ஆரம்பிச்சிருச்சுங்க.

செம்மொழி பாலு குடுக்க வாங்க வந்தா. நானும் கிலுகிலுப்பையத் தேடி பையில கைய வுட்டேன்.

"செத்த இரு செம்மொழி. அழுவட்டும். நல்லா அழுவட்டும்"னாரு மாப்ள. அவரு கண்ணுலேருந்து தண்ணி பாப்பா சட்டையில வுழுந்துகிட்டிருந்துச்சு, தொடைக்கல. தோள்ல போட்டுகிட்டு வெளியில மழத் தண்ணி தேங்கின எடத்தச் சுத்தி நடந்தாரு. அழுகை அடங்குன பின்னாலயும் எறக்கல. செம்மொழி படியில உக்காந்து அவுங்க ரெண்டு பேரையும் பாத்துகிட்டிருந்தா. நான் கிட்டப் போகல. அட்டையில அடுத்த ஊசி தேதி எழுதி வாங்கணும்ல, அந்த வரிசையில போயி நின்னேன்.